சூட்டுக் கை

எனக்குச் சூட்டுக் கை என்று அம்மா கண்டுபிடித்தபோது எனக்குப் பத்து வயது. சூட்டுக் கை ஒரு நோயல்ல. அதற்கு மருந்தும் கிடையாது. வேறு எந்த வீட்டில் பிறந்திருந்தாலும் அப்படி ஒன்று இருப்பது எனக்கே தெரியாமல் போயிருக்கும். நான் பிறந்தது கேக் செய்கிற வீட்டில்.

கோவையில் வடவள்ளிப் பக்கம் எங்கள் வீடு. அம்மா ஒரு மாதம் வகுப்புக்குப் போய்க் கேக் செய்யக் கற்றுக்கொண்டு வந்தாள். முதலில் தெருப் பிள்ளைகளின் பிறந்தநாள், அப்புறம் அப்பாவின் அலுவலகத்தில் யாருக்கோ கல்யாணநாள் என்று ஆரம்பித்து, இரண்டே வருஷத்தில் எங்கள் சாப்பாட்டு மேசையைக் கேக் மொத்தமாக எடுத்துக்கொண்டது. நாங்கள் மூன்று பேரும் கூடத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்பா அதைப் பற்றி ஒரு நாளும் குறை சொன்னதில்லை. கேக்கின் ஓரத்தில் வெட்டிய துண்டுகள் தட்டில் விழுந்துகொண்டிருந்தவரைக்கும் அவருக்கு மேசை எதற்கு?

அம்மாவின் கெட்டிக்காரத்தனம் கேக்கில் இல்லை, கேக்கின் மேல் உட்காரும் பொம்மைகளில் இருந்தது. ரோஜா, முயல், மணப்பெண், லாரி, எதைக் கேட்டாலும் சர்க்கரையில் பிடித்துக் கொடுப்பாள். வெள்ளைச் சர்க்கரையை எங்கள் பக்கம் அஸ்கா என்போம். அஸ்காவை மிக்சியில் நைசாகப் பொடித்து வெள்ளைத் துணியில் சலிக்கவேண்டும். கடல்பாசியை வெந்நீரில் கரைத்து, குளுக்கோஸ் பாகும் நாலு சொட்டு கிளிசரினும் சேர்த்து, பொடிக்கு நடுவே குழி பறித்து ஊற்றவேண்டும். கடைக்காரர்கள் ஜெலட்டின் போடுவார்கள். விசேஷ வீட்டுக்குப் போகிற கேக்கில் எலும்பில் காய்ச்சி எடுத்தது எதுவும் கூடாது என்று அம்மா கடல்பாசியை விடவில்லை. அப்புறம் உள்ளங்கையில் டால்டாவைத் தடவிக்கொண்டு பிசைய ஆரம்பித்தால், கால் மணி நேரத்தில் அந்தப் பொடி காது மடல் போல மெத்தென்று ஆகிவிடும். புத்தகத்தில் அதன் பெயர் ஃபாண்டன்ட். எங்கள் வீட்டில் அஸ்கா மாவு.

அஸ்கா மாவுக்கு ஆகாதவை காற்றும் சூடும். காற்றுப் பட்டால் தோல் கட்டி வெடிக்கும். சூடு பட்டால் இளகிக் கையோடு ஒட்டிக்கொள்ளும். ஆசையாக ஒரு ரோஜா செய்ய உட்கார்ந்த என் கையில் இதழ்கள் ஒவ்வொன்றாக உருகி, கடைசியில் முட்டைக்கோஸ் மாதிரி ஒன்று வந்தது. முட்டைக்கோஸ்கூட இன்னும் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். அம்மா என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

“சூட்டுக் கை கண்ணு உனக்கு. அப்புடியே உங்கப்பா கை. நீ மாவத் தொடாத, கலர் எடுத்துக் குடு.”

அப்படித்தான் நான் குச்சி டப்பாவுக்கு அதிகாரி ஆனேன். நிறங்கள் சின்னச் சின்னப் புட்டிகளில் கூழாக இருக்கும். பல் குச்சியின் முனையில் தொட்டு எடுக்கவேண்டும். தொட்ட குச்சியை மறுபடி புட்டிக்குள் விடக்கூடாது. நான் குச்சியை நீட்டுவேன். அம்மா வாங்கி மாவில் ஒரு கோடு இழுத்து, மடித்து மடித்துப் பிசைவாள். வரிவரியாக ஓடிய நிறம் மெல்ல ஒன்றாகச் சேரும். சிவப்பு மட்டும் உடனே தன் சுயரூபத்தைக் காட்டாது. சாயங்காலம் இளஞ்சிவப்பாக மூடிவைத்தால் காலையில் மிளகாய்ப் பழமாக இருக்கும். இதெல்லாம் எங்கள் வகுப்பில் வேறு யாருக்கும் தெரியாது. குச்சி டப்பா என் பொறுப்பில் இருந்த அந்த ஒரு வருஷமும் சூட்டுக் கையைப் பற்றி நான் கவலைப்பட்டதே இல்லை.

ஆறாம் வகுப்பு முடிந்த விடுமுறையில் அவள் வந்தாள்.

அவள் என் சித்தியின் மகள், என்னைவிட நான்கு மாதம் சின்னவள். காங்கேயத்துக்குப் பக்கத்தில் அவர்கள் ஊர். சித்தப்பா தேங்காய்ப் பருப்புக் காயவைக்கும் களம் வைத்திருந்தார். சித்தி இரண்டாவது முறையாக உண்டாகியிருந்தாள். பிரசவம்வரை கட்டிலைவிட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். எங்களிடம் பெரியவர்கள் “சித்திக்குக் கொஞ்சம் அசதி” என்றுதான் சொன்னார்கள். நானும் அசதி என்றே எடுத்துக்கொண்டேன். சித்தப்பா அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, காபியை முழுசாகக்கூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

அம்மா என் அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து அவளுக்குக் கொடுத்தாள். நான் கதைப் புத்தகங்கள் வைத்திருந்த தட்டு. அவளோ ஒரு துணியைக்கூட அதில் வைக்கவில்லை. தன் நீலப் பையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். வேண்டியதை அதிலிருந்து எடுத்து உடுத்தினாள். துவைத்துக் காய்ந்ததை மடித்து மறுபடி அதிலேயே வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். தினமும் இப்படியே. என் அலமாரி அவளுக்கு அவ்வளவு மட்டமாகப் போய்விட்டதா என்று எனக்குக் கோபம் வந்தது.

அதைவிடக் கோபம் அவள் பேச்சைக் கேட்டால் வந்தது. “சரிங்க பெரிம்மா,” “சாப்புட்டனுங்க பெரிம்மா,” “அந்தக் கரண்டிய எடுத்துக் குடுக்கட்டுங்களா பெரிம்மா.” நான்கு மாத வித்தியாசத்துக்கு என்னை “ஏனுங்க்கா” என்று கூப்பிட்டாள். நகரத்துப் பள்ளியில் படித்ததில் என் பேச்சிலிருந்து ‘ங்க’ எல்லாம் எப்போதோ உதிர்ந்துபோயிருந்தது. அம்மா உருகிப்போனாள். “எப்புடிப் பேசறா பாரு. நீயும் இருக்கறயே, வா போன்னு,” என்றாள் என்னைப் பார்த்து. அவள் வந்து அப்போது ஒரு நாள்கூட ஆகவில்லை.

இரண்டாம் நாள்தான் அந்த விபரீதம் நடந்தது. அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். டால்டா டப்பாவை எடுத்துக் கொடுத்த அவள் விரல் அம்மாவின் கையில் பட்டது. அம்மா பிசைவதை நிறுத்திவிட்டாள்.

“அட சாமி! சில்லுன்னு இருக்குதே கண்ணு உன் கை. சித்திரை வெயில்ல இப்புடியொரு கையா!”

அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கன்னங்களில் வைத்துக்கொண்டாள் அம்மா. கண்ணைக்கூட மூடிக்கொண்டாள். காலையிலிருந்து அடுப்படியில் வெந்த முகம், சுகமாகத்தான் இருந்திருக்கும். நான் குச்சி டப்பாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். என் கையை அம்மா ஒரு நாளும் அப்படி வைத்துக்கொண்டதில்லை. வயிறு எரிந்தது என்று எழுதினால் மிகையாகத் தெரியலாம். எனக்கு நிஜமாகவே தொப்புளுக்கு மேலே எரிந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தன. நான்காம் நாள் அவள் ரோஜா செய்தாள். இதழின் ஓரத்தை இரண்டு விரல் நடுவே வைத்து அவள் அழுத்தினால், அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிகிற அளவுக்கு மெலிந்தது, கிழியவில்லை, ஒட்டவில்லை. ஐந்தாம் நாள் முயல். அப்பா அந்த முயலைக் கையில் எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, திங்காமல் திரும்ப வைத்தார். என் முட்டைக்கோஸ் ரோஜாவை அவர் பார்த்தவுடனே வாயில் போட்டுக்கொண்டார். கேக் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் அம்மா, “எந் தங்கச்சி புள்ளைங்க, கை அப்புடியே ஐஸுங்க,” என்று அவளை முன்னால் நிறுத்திக் காட்டினாள். பக்கத்து வீட்டு அக்கா வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். என்னவோ வீட்டுக்குள் புதுசாகக் குளிர்சாதனப் பெட்டி வாங்கி இறக்கிவிட்ட மாதிரி.

ஆறாம் நாள் குச்சி டப்பா அவள் பக்கம் நகர்ந்தது. யாரும் என்னிடமிருந்து பிடுங்கவில்லை. மாவு அவள் கையில் இருந்தது, குச்சியும் அங்கேயே இருந்தால் வசதி, அவ்வளவுதான். பிடுங்கியிருந்தால் நான் சண்டையாவது போட்டிருப்பேன்.

நான் சும்மா இருந்துவிடவில்லை. மறுநாள் யாரும் பார்க்காதபோது ஐஸ் தட்டிலிருந்து நாலு கட்டியை எடுத்து, விரல் மரத்துப்போகும்வரை இரண்டு கையிலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிறகு ஓடிப்போய், “அம்மா, இப்பத் தொட்டுப் பாருங்க,” என்றேன். ‘ங்க’கூடப் போட்டேன். அம்மா சிரித்துக்கொண்டே ஒரு உருண்டை மாவை என் கையில் வைத்தாள். கை குளிர்ந்துதான் இருந்தது, ஆனால் ஈரம். அஸ்கா மாவுக்கு ஈரம் சூட்டைவிடப் பெரிய எதிரி. அரை நிமிஷத்தில் முழங்கைவரைக்கும் வெள்ளைப் பசையாக வழிந்தது. அவள் சிரிக்கவில்லை. துணியை எடுத்து வந்து என் கையைத் துடைத்துவிட்டாள். சிரித்திருந்தால் மன்னித்திருப்பேன்.

அன்று மத்தியானம், மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனபோது, நான் அவளிடம் ஒரு கதை விட்டேன். எங்கள் தெருவில் ஒரு பெண் அம்மாவுக்கு ஒத்தாசையாக இருந்தாள், ஒரு நாள் கேக்கின் மேல் வைத்த பூவைக் கெடுத்துவிட்டாள், அன்றைக்கே அம்மா அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள் என்றேன். அப்படி ஒரு பெண்ணே கிடையாது.

“எங்கம்மா பாக்கத்தான் இப்புடி. பொம்மையக் கெடுத்தா அவ்வளவுதான். பையத் தூக்கிக் கையில குடுத்து ஊருக்குத் தாட்டி உட்ரும்.”

அவள் கையில் இருந்த துணியை மடிக்காமல் நின்றாள்.

“நெசமாலுமாங்க்கா? உடனேவா?”

“அன்னைக்கே.”

“எந்தப் பொம்மையக் கெடுத்தாலுமா?”

“பெருசா இருந்தா நிச்சயம்.”

அவள் கையில் இருந்த துணியை மெதுவாக மடிக்க ஆரம்பித்தாள். பயந்துவிட்டாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். அந்த வாரத்தில் நான் சந்தோஷமாக இருந்தது அந்தப் பத்து நிமிஷம்தான்.

பிறகு காளை வந்தது. அதாவது, காளைக்கு ஆர்டர் வந்தது. அம்மாவின் இரண்டு கையும் மாவில் இருந்ததால் நான்தான் போனை அவள் காதில் பிடித்துக்கொண்டேன். எதிர்முனையில் இருந்தவர் உரக்கப் பேசினார், அத்தனையும் எனக்குக் கேட்டது. அவருடைய தங்கை மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீர்த் தட்டுகளோடு ஒரு கேக்கும் போகவேண்டும்.

“கேக்கு மேல எங்கூட்டுக் காளை நிக்கோணுமுங்க அம்மணி. எங்க மாப்பிள்ளைப் பையன் அதைப் பாத்தாத்தானுங்க சோறே உங்கறான். மயிலைக் காளைங்க. மயிலைன்னு குறிச்சுக்குங்க.”

“குறிச்சுக்கறனுங்க,” என்ற அம்மா, என்னைப் பார்த்து, “எழுதிக்கோ கண்ணு,” என்றாள். ஆர்டர் நோட்டில் நானே என் கையால் எழுதினேன்: மயிலைக் காளை, ஒன்று.

காளையை அவள்தான் செய்தாள். அதற்குமட்டும் அம்மாகூடச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர்கள் தோட்டத்தில் மாடு நின்றது. கண்ணை மூடினாலும் அவளுக்குக் காளை தெரிந்தது. குச்சி முனையில் கறுப்பைக் கடுகளவு தொட்டு, பெரிய உருண்டை மாவில் பிசைந்தாள். வெள்ளை கொஞ்சம் அழுக்கானது, அவ்வளவுதான். அதில் உடம்பைப் பிடித்தாள். கால்களுக்குள் குச்சி செருகினாள். கழுத்துக்குக் கீழே தொங்கும் தாடியை விரலால் இழுத்து மடிப்பு மடிப்பாக விட்டாள். திமில் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து நின்றது. காளைகளுக்கு அப்படித்தான் சாயுமாம். முடித்ததும் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “எங்க தோட்டத்துக் காளையாட்டவே இருக்குதுங்க பெரிம்மா,” என்றாள். அப்புறம் அதன் நெற்றியை விரல் நுனியால் ஒருமுறை தடவிக் கொடுத்தாள். கொம்புக்கும் குளம்புக்கும் கறுப்பு தீட்டி, இரண்டு நாள் காய்வதற்காக அதை அட்டைப் பெட்டிக்குள் நிறுத்தினார்கள்.

காதுகுத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அம்மா அவளை அழைத்துக்கொண்டு கேக் அட்டை வாங்க டவுனுக்குப் போனாள். ஸ்கூட்டரில் இன்னொருவருக்குத்தான் இடம் இருந்தது; அந்த இடம் என்னுடையது என்று அதுவரை நினைத்திருந்தேன். அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தேன்.

காளை அப்படியே அழுக்கு வெள்ளையாக நின்றது. உடம்பில் ஒரு நிறமும் இல்லை. ஓடிப்போய் நோட்டைப் பார்த்தேன். மயிலைக் காளை. மயில், கூட ஐ. மயிலை. இரண்டாம் வேற்றுமை உருபு. முழு ஆண்டுத் தேர்வில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவள் நான். வாடிக்கையாளர் மயில் நிறத்தில் காளை கேட்டிருக்கிறார். ஐஸ் கைக்காரி நிறம் பூச மறந்துவிட்டாள். அதை உலகத்திலேயே நான் ஒருத்திதான் கண்டுபிடித்திருக்கிறேன்! அம்மா திரும்பி வந்து பார்ப்பாள். “நல்லவேளை கண்ணு, நீ இருந்தே,” என்பாள். அந்த வார்த்தை அப்போதே என் காதில் விழுந்துவிட்டது.

நீலத்தில் கொஞ்சம், பச்சையில் கொஞ்சம் எடுத்து, தண்ணீர் பட்டால் மாவு கரையும் என்பதால் வெனிலா எசன்சில் குழைத்தேன். கழுத்துக்கு நீலம். வயிற்றுக்குப் பச்சை. திமிலுக்கு இரண்டும் கலந்து. அத்தோடு விட்டிருக்கலாம். மனசு கேட்காமல் விலாவின் இரண்டு பக்கமும் மும்மூன்று தோகைக் கண்கள் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் வட்டம் போட்டேன். இன்றைக்கு யோசித்தாலும் வேலை சுத்தமாகத்தான் இருந்தது. பெட்டியை மூடிவைத்தேன். விரல்களில் ஒட்டியிருந்த நீலம் சோப்புக்குப் போகவில்லை. அவர்கள் வீடு திரும்பும்போது இருட்டிவிட்டது, அம்மா பெட்டியைத் திறக்கவில்லை. காலையில் திறக்கட்டும், எல்லாருடைய கண் முன்னாலும் திறக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

காலையில் கேக் தயாராக மேசையில் இருந்தது. பத்து மணிக்கு அவர் வரவேண்டும். ஒன்பது மணிக்கு அம்மா பெட்டியைத் திறந்தாள். நான் சொல்லவேண்டிய வாக்கியத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அது மறந்துபோயிற்று. முகம் சுண்டிப்போயிருந்தது. என்ன தப்பு என்று எனக்குத் தெரியவில்லை, தப்பு என்று மட்டும் தெரிந்தது. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“யாரு... யாரு பண்ணுனது இதை?”

அவள் அம்மாவின் பக்கத்தில் நின்றாள். காளையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. இதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

“நாந்தானுங்க பெரிம்மா,” என்றாள் அவள். “நாந்தானுங்க கெடுத்துப்போட்டேன்.”

“நீயா? ஏங்கண்ணு, மயிலைன்னா உனக்குத் தெரியாதா? உங்க தோட்டத்துல நிக்கறதே மயிலைதானே. வெள்ளையுஞ் சாம்பலும் கலந்தாப்புல...”

மயிலை என்றால் மாட்டின் நிறம் என்று நான் தெரிந்துகொண்டது அப்போதுதான். வேற்றுமை உருபுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

“தெரியுமுங்க. தெரிஞ்சேதானுங்க கெடுத்தேன்,” என்றாள் அவள். கொஞ்சம் தள்ளி நின்று, அம்மாவின் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். “என்னைய ஊருக்குத் தாட்டி உட்ருவீங்களா பெரிம்மா?”

அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். “இதுக்குப் போயி யாராச்சும் புள்ளையத் தாட்டி உடுவாங்களா? பொம்மைதானே, போனாப் போகுது. பயப்படாத சாமி. லீவு முடியற வரைக்கும் நீ பெரிம்மாகிட்டயேதான் இருக்கோணும்.”

அவ்வளவுதான், அவள் ஓவென்று அழ ஆரம்பித்தாள். வந்த நாள்முதல் அழாதவள். தேம்பித் தேம்பி, மூச்சு முட்ட அழுதாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. திட்டு விழவில்லை, அணைத்துக்கொண்டாயிற்று, இருந்துகொள் என்றும் சொல்லியாயிற்று. இதற்கு மேல் என்ன வேண்டுமாம்? எனக்கு நியாயமாக வரவேண்டிய திட்டையும் அவளே வாங்கிக்கொண்டாள், அதையும் அம்மா அணைப்பாக மாற்றிக் கொடுத்துவிட்டாள் என்று எனக்கு அந்த நேரத்திலும் பொறாமைதான் வந்தது.

முகம் துடைக்கத் துண்டு எடுப்பதற்காக அம்மா அவளை அறைக்குள் அழைத்துப்போய் என் அலமாரியைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றாள். அவளுக்கு ஒதுக்கிக் கொடுத்த தட்டு காலியாக இருந்தது.

“உன் துணியெல்லாம் எங்க கண்ணு?”

“பையிலிங்க பெரிம்மா.”

“வந்த நாள்லருந்தா? பன்னெண்டு நாளாவா?”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் ஜிப் மூடி நின்ற நீலப் பையைப் பார்த்தாள். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். காலியான ஒரு தட்டிலும் மூடிய ஒரு பையிலும் அப்படி என்ன இருக்கிறது என்று நான் வாசலில் நின்று யோசித்தேன்.

பத்து மணிக்குச் சரியாக அவர் வந்துவிட்டார். வெள்ளை வேட்டி சட்டை, நெற்றியில் திருநீறு. புதுக் காளை செய்ய வழியில்லை. கால் காயாமல் நிற்காது. அம்மா அதையே கேக்கின் மேல் நிறுத்தி, உள்ளதை உள்ளபடி காட்டிவிட்டாள். அவர் குனிந்து, நிமிர்ந்து, இரண்டு பக்கமும் சுற்றிவந்து பார்த்தார்.

“நல்லா இருக்குதுங்க அம்மணி,” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ரொம்ப நல்லா இருக்குதுங்க,” என்றார். அப்புறம் தயங்கித் தயங்கி, “ஏனுங்க, இது என்னங்க?” என்று கேட்டார்.

“காளைங்க,” என்றாள் அம்மா.

“ஆமாமுங்க, காளையாட்டந்தான் இருக்குது. திமிலெல்லாம் அத்தனை சுத்தமுங்க.” மறுபடி பார்த்தார். “ஒறம்பரை சனமெல்லாம் வந்து உக்காந்திருக்குதுங்க. தப்பா நெனைச்சுக்காதீங்க அம்மணி, இதை மட்டும் நீங்களே வெச்சுக்கறீங்களா?”

அவர் திட்டியிருந்தால் அம்மாவுக்குப் பாதி பாரம் குறைந்திருக்கும். காளை நின்ற இடத்துக் குழிகளை அம்மா சர்க்கரைச் சலங்கைகளால் மூடி, நாலு தடவை மன்னிப்புக் கேட்டு அனுப்பினாள். அவரும் நாலு தடவை “பரவாயில்லீங்க” சொல்லிவிட்டுப் போனார். அந்த மயில் காளையை எங்கள் வீட்டில் யாரும் திங்கவில்லை, அப்பாகூட. ஒரு மாதம் ஃபிரிட்ஜின் மேல் நின்றது.

அன்று சாயங்காலம் அம்மா என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள். என் இரண்டு கைகளையும் இழுத்து, தேங்காய் எண்ணெய் தடவி, விரல் இடுக்கில் இருந்த நீலத்தை ஒவ்வொன்றாகத் தேய்த்து எடுத்தாள். அழுத்தித்தான் தேய்த்தாள், ஆனால் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஐஸ் கட்டி, மொட்டை மாடிக் கதை எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். கடைசியில், “நாளைக்கு நான் அவளக் கூட்டிட்டுப் போயி ஊட்டுல உட்டுட்டு வாரேன். நீ அப்பாகூட இரு,” என்று மட்டும் சொன்னாள்.

ஆக, நான் விட்ட கதை பலித்துவிட்டது! பொம்மையைக் கெடுத்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். நான் கெடுத்தேன், அவள் போகிறாள். மறுநாள் காலை அப்பாவும் நானும் அவர்களைச் சிங்காநல்லூர் பஸ் நிலையத்தில் ஏற்றிவிட்டோம். அவள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, நீலப் பையை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். “போயிட்டு வாரனுங்க்கா,” என்று கையை ஆட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு. தண்டனை வாங்கிக்கொண்டு போகிறவள் ஏன் இப்படிச் சிரிக்கிறாள் என்று நான் வீடு வரும்வரை யோசித்தேன். குச்சி டப்பா மறுபடி என் கைக்கு வந்தது. நான் நினைத்த அளவுக்கு அது இனிக்கவில்லை.

அன்று சித்தியின் வயிற்றில் இருந்தவனுக்குப் போன வருஷம் பதினான்காம் பிறந்தநாள். அவன் மோட்டார் பைக் வைத்த கேக் கேட்டான். அம்மாவுக்கு இப்போது மணிக்கட்டு வலி, பிசைய முடிவதில்லை. அதனால் முந்தின நாளே அவள் வடவள்ளிக்கு வந்துவிட்டாள். ஈரோட்டில் வேலை, பேச்சில் அதே ‘ங்க’. பழைய மேசையில் நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். மாவை நான் அவள் பக்கம் தள்ளினேன். அது அவள் வேலை என்றே எனக்குப் பதிந்துபோயிருந்தது.

கொஞ்ச நேரத்தில் பைக்கின் சக்கரம் அவள் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. டால்டா தடவிப் பார்த்தாள், சோளமாவு தூவிப் பார்த்தாள். இரண்டாவது சக்கரமும் இளகிச் சரிந்தது.

“என்னாச்சு? உனக்குத்தான் ஐஸ் கையாச்சே?” என்றேன்.

“எனக்கா? யாருங்க்கா சொன்னா?” அவள் சிரித்தாள். “எனக்குச் சின்னதுலருந்தே சூட்டுக் கைதானுங்க. காலேஜ்ல என் கையப் புடிச்சாலே எல்லாரும் கத்துவாளுக.”

நான் எட்டி அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். என் கை மாதிரியே இருந்தது. உள்ளங்கை கதகதவென்று, லேசாக வியர்த்து. அடுப்படியில் நின்ற அம்மா திரும்பி எங்களைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பொங்காத பாலுக்குத் தீயைக் குறைத்தாள்.

தன் அம்மாவைவிட்டு வந்திருந்த அந்தப் பன்னிரண்டு நாள் மட்டும், அந்தச் சித்திரை வெயிலில், இந்தக் கை ஏன் அப்படிச் சில்லிட்டுக் கிடந்தது என்று பதினோரு வயதில் எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை. அது எனக்கு வேண்டும் என்று மட்டும்தான் தோன்றியது.